கொல்லையைக் கொத்த ஒரு மெட்டல் டிடெக்டர்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புதையல் எடுக்கிற எண்ணத்தில் மெட்டல் டிடெக்டர் தேடுகிறீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள், வேறு எதையும் வாங்காதீர்கள். பழைய வீட்டுக் கொல்லையைக் கொத்திக் கீரைப்பாத்தி போடப் போகிறீர்கள், மண்ணுக்குள் எங்கே ஆணி எங்கே பிளேடு என்று தெரியாமல் கையை விட யோசனையாக இருக்கிறது, அப்படியென்றால் உதவும். அதுவும் பாதி வேலைக்குத்தான். மீதிப் பாதியை மணல் சலிக்கிற சல்லடை செய்துவிடும், அதற்கு பேட்டரியும் வேண்டாம், கையேடும் வேண்டாம்.

நான் வாங்கியது இணையத்தில் 7,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு வருகிற சாதாரண மாடல். பெட்டியில் ஒரு பெயர், கருவியின் மேல் வேறொரு பெயர், இதே சாமானை இன்னும் நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பெட்டியின் மேல் தங்கக் காசு குவிந்து கிடக்கிற படம். உள்ளே கழற்றி வைத்த தண்டு, அடியில் மாட்டுகிற வட்டமான காயில் (கம்பிச்சுருள்), சின்னத் திரையோடு ஒரு கண்ட்ரோல் பெட்டி, ஒரு இயர்போன், கூடவே ஒரு குட்டி மண்வெட்டி. அந்த மண்வெட்டி முதல் செங்கல் துண்டு தட்டுப்பட்டதுமே வளைந்துவிட்டது, அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மாட்டுவது சுலபம், ஸ்பேனர் தேவையில்லை. ஆனால் காயிலிலிருந்து மேலே வருகிற ஒயரைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள். தொளதொளவென்று விட்டால் வீசும்போது ஒயர் ஆடி, ஒன்றுமே இல்லாத இடத்தில் கீங் கீங் என்று கத்தும். கருவியில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒயர்தான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். எடை ஒரு கிலோவுக்கு மேல். கையில் பிடிக்கும்போது லேசாகத்தான் தெரிகிறது, அரை மணி நேரம் தரையை ஒட்டி இப்படியும் அப்படியும் வீசிப் பாருங்கள், தோள்பட்டை கணக்குச் சொல்லும்.

வேலை செய்கிற விதம் தெரிந்தால் இதை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபடும். காயிலில் மாறுமின்சாரம் ஓடுகிறது, அது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது, அங்கே உலோகம் ஏதாவது இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அதன் காந்தப்புலம் திரும்பி வந்து இன்னொரு காயிலில் படுகிறது. எவ்வளவு தாமதமாகப் படுகிறது என்பதை வைத்து இரும்பா, அலுமினியமா, செம்பா என்று கருவி ஊகிக்கிறது. ஊகம்தான், தீர்ப்பு இல்லை. இரும்புக்குக் கனத்த குரல், செம்பு வெள்ளிக்கு மெல்லிய கீச்சுக் குரல், இரண்டுக்கும் நடுவில் வருவதெல்லாம் குழப்பம். சின்னத் தங்க மோதிரமும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் திரையில் காட்டும். துருப்பிடித்த தட்டையான டப்பா மூடி சில சமயம் வெள்ளி மாதிரி கீச்சிட்டு ஏமாற்றும். விற்கிறவர்கள் விவரத்தில் இதைச் சொல்வதில்லை.

இனி எங்கள் கொல்லை. கும்பகோணம் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு, பின்னால் கிணறு, கிணற்றைத் தாண்டி நீளமாக ஒரு கொல்லை, பல வருஷமாக யாரும் கொத்தாத இடம். முருங்கையும் கொய்யாவும் வைத்து நடுவில் கீரை போடலாம் என்று ஆரம்பித்தோம். காவிரி வண்டல், மண்ணுக்குக் குறையே இல்லை, ஆனால் மேல் ஒரு அடி முழுக்க மூன்று நான்கு தலைமுறையின் குப்பை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நகராட்சி வண்டி வாசலுக்கு வராத காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு குப்பைக்குழி இருந்தது. அடுப்புச் சாம்பல், வாழையிலை, சாணி, பெருக்கின குப்பை எல்லாம் அதில் போகும், வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி கட்டி வயலுக்கு எருவாக அடிப்பார்கள். மக்கியது வயலுக்குப் போனது, மக்காதது இங்கேயே தங்கிவிட்டது. கண்ணாடி, ஓடு, ஆணி, பீங்கான். பிளாஸ்டிக் வந்த பிறகு குழியையும் மூடிவிட்டு அப்படியே மேலே கொட்டியிருக்கிறார்கள். உங்கள் வீடும் பழையது என்றால் கொல்லைக் கோடியில் மண் கறுப்பாக, பொலபொலவென்று சாம்பல் கலந்து இருக்கிற இடத்தைப் பாருங்கள், குழி அங்கேதான் இருந்திருக்கும், கீரைக்கும் அதுதான் நல்ல இடம். ஆக இரண்டு தேடலும் ஒரே இடத்தில் வந்து முட்டும்.

கருவியை வீசியதும் முதலில் கேட்டது ஆணி. அப்புறம் ஆணி. அப்புறம் கூரைச் சட்டத்தில் அடிக்கிற பெரிய ஆணி. இரும்பை ஒதுக்கிவிடுகிற பட்டன் ஒன்று இருக்கிறது, புதையல்காரர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் அழுத்துவார்கள். தோட்டக்காரர் அதைத் தொடவே கூடாது. நமக்கு வேண்டியதே அந்த இரும்பு. வெறுங்காலோடு நடமாடுகிற கொல்லை, குழந்தைகள் மண்ணில் விளையாடுகிற இடம், அங்கிருந்து ஒரு இரும்புச்சட்டி நிறைய ஆணி, முள்கம்பித் துண்டு, பாதியாக உடைந்த சவர பிளேடு, தகர டப்பாவின் விளிம்பு என்று எடுத்தோம் பாருங்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசில் பெரும்பகுதி செரித்துவிட்டது. மண்ணுக்குள் ஒரு சாண் ஆழம் வரை இருக்கிற ஆணியை ஏறக்குறைய தப்பவிடாமல் சொல்கிறது. மழை பெய்து மண் ஈரமாக இருந்த நாட்களில் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஆணிக்கு நடுவில் வந்த மற்ற இரும்புகளில் எனக்குப் பிடித்தது மாட்டு லாடம். குதிரைக்கு ஒரே துண்டாக வளைந்தது ஒன்று, மாட்டுக்குப் பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தட்டை. பிறை வடிவத்தில் சின்னத் தகடு, ஆணி போகிற ஓட்டைகள், நடந்து நடந்து ஒரு பக்கம் மட்டும் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. வீட்டில் வண்டி மாடு இருந்தது என்று பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், மாடு எந்தக் காலைச் சாய்த்து நடந்தது என்பதுகூட லாடத்தில் தெரிகிறது.

கீச்சுக் குரல் கேட்டு எடுத்ததில் நல்லது என்று சொல்ல ஓட்டைக் காலணா ஒன்று. 1943 முதல் 1947 வரை அடித்தார்கள், யுத்தகாலத்தில் உலோகம் தட்டுப்பாடு, நடுவில் பெரிய ஓட்டை போட்டு வெண்கலத்தை மிச்சம் பிடித்தார்கள். இப்படிக் காலணா 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். வளையம் மாதிரி இருப்பதால் மெட்டல் டிடெக்டருக்கு இந்தக் காசு அல்வா, நல்ல கணீரென்ற சத்தம் கொடுக்கும். களிம்பு பிடித்துப் பச்சையாக இருந்தது. வீட்டில் உடனே புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பினார்கள், தடுத்துவிட்டேன். புளியும் எலுமிச்சையும் மேல் தோலை அரித்துவிடும், எழுத்து மழுங்கிவிடும், நாணயம் சேர்க்கிறவர்கள் அப்படிப் பளபளக்கிற காசைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுத்தால் போதும்.

அலுமினிய அஞ்சு பைசாவும் வந்தது, ஆனால் மண் தின்று ஓரமெல்லாம் பொரிந்து போயிருந்தது. வெண்கலம் அதைவிட வயசானது, நன்றாக இருக்கிறது, அலுமினியம் இளசு, அது உதிர்கிறது. இதுபோக பழைய பற்பசை ட்யூப் (உலோகத்தில் வந்ததே, கடைசிவரை சுருட்டிச் சுருட்டிப் பிதுக்குவோமே அது), சைக்கிள் பெல்லின் மேல்மூடி, டார்ச் செல்லின் துத்தநாகக் கூடு, வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியின் பித்தளை மூடி, ஏராளமான சோடா மூடி. சோடா மூடியைக் கேட்டால் கருவி உற்சாகமாகி வெள்ளிக்காசு என்று சாதிக்கும். நம்பித் தோண்டிக்கொண்டே இருப்போம்.

சரி, இப்போது இது காட்டாத சங்கதிகள். அங்கேதான் எனக்குப் பெரிய மனக்குறை, அங்கேதான் இந்த விமர்சனத்தை எழுதவே தோன்றியது.

கொல்லையில் கிடைத்ததில் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தவை எல்லாமே உலோகம் இல்லை. கோலி சோடா பாட்டிலின் கழுத்து, பச்சைக் கண்ணாடி, உள்ளே கோலி நிற்பதற்கான இடுக்கும் அப்படியே இருக்கிறது, கோலிதான் இல்லை. இந்தப் பாட்டிலுக்கு ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872ல் காப்புரிமை வாங்கினார், வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அடைத்துக்கொள்ளும் என்கிற அருமையான யோசனை, ஆனால் கோலிக்காகப் பாட்டிலை உடைக்கிற பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறார்கள், அதனால் கழுத்து மட்டும் மண்ணில் கிடக்கிறது. மெட்டல் டிடெக்டர் அதன் மேலேயே நாலு தடவை போய்வந்தது, மூச்சு விடவில்லை. அதேபோல அமிர்தாஞ்சன் குப்பி. 1893ல் பம்பாயில் ஆரம்பித்து 1914ல் மெட்ராசுக்கு வந்த கம்பெனி, ஆக மண்ணிலிருந்து வருகிற குப்பிக்கு வயது சொல்வது லேசில்லை, ஆனால் தலைவலி இந்த வீட்டில் நெடுநாள் இருந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி, அத்தனை குப்பி.

ஓடுகள் தனிக்கதை. நாட்டு ஓடு கூடை கூடையாக வந்தது, நடுவில் அங்கங்கே மங்களூர் ஓட்டுத் துண்டு, ஒன்றின் அடியில் பாசல் மிஷன் என்கிற முத்திரையின் பாதி. 1865ல் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மன் பாதிரியார் மங்களூர் ஜெப்புவில் அந்த மிஷனின் ஓட்டு ஆலையை ஆரம்பித்தார். ஓட்டில் 1865 என்று இருந்தால் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள், அது ஆலை ஆரம்பித்த வருஷம், பல காலத்துக்கு அதே வருஷத்தைத்தான் அச்சில் போட்டு வந்தார்கள். இது தெரியாமல் இணையத்தில் விலை ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் சிலேட்டுத் துண்டு, பலப்பம், கண்ணாடி வளையல் துண்டுகள், கைகால் இல்லாத பீங்கான் பொம்மை, ஊறுகாய் ஜாடியின் கழுத்து, அப்புறம் ஓட்டுத் துண்டை உரசி வட்டமாக்கிய சில்லு. பாண்டி ஆடுகிற சில்லுதான். கீழடியில் இதேமாதிரி வட்டச் சில்லு நிறையக் கிடைத்திருக்கிறது, ஆனால் எங்கள் சில்லு மங்களூர் ஓட்டில் செய்தது, ஆகவே கீழடிக்கு ஆள் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில் ஷாம்பு பாக்கெட். இதுவும் நம்ம பக்கத்துச் சரித்திரம்தான், கடலூரில் தொடங்கிய கதை, சிக் ஷாம்பு 1983ல் வந்தது, அதற்குப் பிறகு நாட்டில் ஷாம்பு பாக்கெட் இல்லாத கிணற்றடி ஏது. எழுத்துக்கூட அழியாமல் மண்ணுக்குள்ளிருந்து சிரிக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றைத் தடை செய்தார்கள், எங்கள் கொல்லைக்கு அந்தத் தடை ரொம்ப தாமதம்.

இவ்வளவையும் எடுத்துக் கொடுத்தது சல்லடை. கொத்தனார்கள் சாய்த்து நிறுத்தி மணல் சலிப்பார்களே, அதில் கொஞ்சம் பெரிய கண் உள்ளது. வாடகைக்குக் கிடைத்தது. முதலில் மண்ணை வெட்டிக் காயவிட வேண்டும், ஈரமாக இருந்தால் வண்டல் அப்பிக்கொண்டு சலியாது. காய்ந்த மண்ணைச் சட்டியால் அள்ளி வீசினால் மண் அந்தப் பக்கம், சாமான் இந்தப் பக்கம். மெட்டல் டிடெக்டர் கண்டுபிடிக்காமல் விட்ட ஊசிமுனை ஆணிகளையும் அதுதான் பிடித்தது. கூடவே பாத்திக்குத் தூள் மண் தயார்.

வெட்ட வந்த அண்ணன் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், இந்தக் கருவியை ஒரு தடவை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தம்பி, கடப்பாரை சொல்லாததையா இது சொல்லிடப் போவுது" என்றார். சும்மா பேச்சில்லை. கடப்பாரை இறங்குகிற சத்தத்தை வைத்தே செங்கல், கருங்கல், கண்ணாடி, வேர் என்று சொல்கிறார், "கண்ணாடி, கைய வைக்காதீங்க" என்று சொன்ன இடத்தில் எல்லாம் கண்ணாடி இருந்தது. அவருடைய ஒரு நாள் கூலி இந்தக் கருவியின் விலையில் சின்னப் பங்கு. தோட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒட்டி வீசினால் கருவி பைத்தியம் பிடித்த மாதிரி கத்தும். இன்வெர்ட்டர், கிணற்று மோட்டார், பையில் இருக்கிற கைபேசி, தூணுக்குள் இருக்கிற கம்பி, இரும்பு கேட், எல்லாம் தொந்தரவு. இது இந்த மாடலின் குறை என்று சொல்ல முடியாது, இந்தச் சாதனத்தின் பிறவிக்குணம். 1881ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே என்று கண்டுபிடிக்க டெலிபோன் கிரஹாம் பெல்லே இதன் முன்னோடி ஒன்றைச் செய்துகொண்டு போனார். மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பிவிட்டன, போதாக்குறைக்கு டாக்டர்கள் வலப்பக்கம் மட்டும்தான் தேடவிட்டார்கள், குண்டு இருந்தது இடப்பக்கம். நான் கயிற்றுக்கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று எரிச்சல்பட்டபோது பெல்லை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஆழம். விளம்பரத்தில் பெரிய எண் போட்டிருக்கும், அது பெரிய அண்டா மாதிரி உலோகத்துக்குச் சொல்வது. ஒற்றைக் காசு என்றால் அரை அடி, மிஞ்சினால் கொஞ்சம் கூட. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோவிலில் குழி தோண்டும்போது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசு கிடைத்ததே, ஞாபகம் இருக்கும், எங்கள் தெருவில் நான் இந்தக் கருவியோடு கொல்லைக்குப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் கிண்டல். அது சுமார் 7 அடி ஆழத்தில் இருந்தது. இந்த 7,000 ரூபாய்ச் சாமான் அதன் மேல் நின்று நாள் முழுக்க வீசினாலும் மேலே கிடக்கிற சோடா மூடியைத்தான் சொல்லியிருக்கும்.

அப்படியே ஏதாவது கிடைத்துவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பெட்டியில் ஆங்கிலத்தில் இருக்கிற குறிப்பில் அது கிடையாது. 1878ன் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நம் சொந்தக் கொல்லையாக இருந்தாலும். அந்தக் காலத்து 10 ரூபாய், மாற்றாமலேயே விட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் 1972ன் தொல்பொருள் சட்டம், 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, நாணயம் போன்றவற்றை நம் இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு விற்க முடியாது. தாழியோ சிலையோ தட்டுப்பட்டால் கடப்பாரையை அங்கேயே வைத்துவிட்டு விஏஓவிடம் சொல்வதுதான் சரி. எங்கள் பக்கம் தாராசுரம் மாதிரி பாதுகாக்கப்பட்ட கோவில்கள் உண்டு, அவற்றைச் சுற்றி இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு உலாவுகிற எண்ணமே வேண்டாம்.

கருவியோடு கையுறை தருவதில்லை. கட்டாயம் வாங்குங்கள், உள்ளங்கையில் ரப்பர் பூசிய நூல் கையுறை ஆணிக்குத் தாங்காது, தோல் கையுறை வேண்டும். பழைய டியூப்லைட், தெர்மாமீட்டர், செல் எல்லாம் குப்பைக்குழியில் சகஜம், உடைந்த டியூப்லைட் கிடந்த இடத்து மண்ணை நான் கீரைக்கு விடவில்லை, தனியாக எடுத்துவிட்டேன். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

விற்றவரைப் பற்றி. இயர்போனில் ஒரு பக்கம் கேட்கவில்லை. எழுதினேன், படம் அனுப்பச் சொன்னார்கள். கேட்காததை எப்படிப் படம் எடுப்பது. காணொளி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், அதோடு பேச்சு நின்றுவிட்டது. வீட்டில் இருந்த பழைய ஹெட்போனை மாட்டிச் சமாளித்தேன். 9 வோல்ட் பேட்டரி இரண்டு கேட்கும், சீக்கிரம் தீரும், ரீசார்ஜ் வகையாக வாங்கிக்கொள்வது உத்தமம். கையேட்டில் தமிழ் கிடையாது, இருக்கிற ஆங்கிலமும் எந்த மொழியிலிருந்தோ இயந்திரம் பெயர்த்தது.

மதிப்பெண் 5க்கு 3. இரும்பு பொறுக்க முழு மதிப்பெண் தருவேன், ஆசைகாட்டி விற்பதற்காகக் குறைக்கிறேன். இடிந்த வீட்டு மனை, பழைய வேலி இருந்த இடம், தொழுவம் இருந்த இடம், இவற்றைத் தோட்டமாக்குகிறவர்கள் வாங்கலாம். இரண்டு பாத்தி மட்டும் போடுகிறவர்கள் சல்லடையும் தோல் கையுறையும் வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தில் நல்ல நாற்று வாங்குங்கள். எங்கள் கொல்லை முடிந்துவிட்டது, இனி எனக்கு இதில் வேலையில்லை. தெருவில் கேட்கிறவர்களுக்கு இரவல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பேட்டரி மட்டும் அவர்களே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.